முதலில் ஏறுபவள்

வெத்தூரியா பிர்சானுடைய பெயர் அச்சில் வந்த இடங்கள் இரண்டு. ஒன்று, எல்லா நாட்டுக்கும் பொதுவான ஜிம்னாஸ்டிக் விதிப்புத்தகம். பத்து சென்டிமீட்டர் அகலக் கட்டையின் மேல் நின்று, பின்பக்கமாக எகிறி, காற்றிலேயே பாதி திரும்பி, ஒற்றைக் காலில் வந்து இறங்குவதற்கு அந்தப் புத்தகத்தில் ‘பிர்சான்’ என்று பெயர். இன்னொன்று, அவள் பிறந்த ஹாட்செக் ஊரில் கடைத்தெரு பேக்கரியின் விலைப்பலகை. அங்கே பிர்சான் என்றால் மேலே வால்நட் தூவி, நடுவில் இரண்டு விரல் கனத்துக்கு கிரீம் வைத்த கேக். முதல் பிர்சானைச் செய்ய வேண்டுமானால் இரண்டாவது பிர்சானைத் தொடக்கூடாது. ஆகவே ஊரே அவளைத் தின்றுவிட்டு ருசி சொல்லும், அவள் கேட்டுக்கொள்வாள்.

அவள் இந்தத் துறைக்கு வந்ததே ஆள்மாறாட்டத்தில்தான். பயிற்சியாளர் டிராயன் பாஸ்கு ஊர் ஊராக மழலையர் பள்ளிகளுக்குப் போய்ச் சிறுமிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஹாட்செக்கில் அவர் பார்க்க வந்தது வெத்தூரியாவின் பெரியப்பா மகளை. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குப் பொன்னுக்கு வீங்கி. “இவளும் அதே வீட்டுப் பெண்தான்” என்று டீச்சர் வெத்தூரியாவைப் பிடித்து முன்னால் தள்ளினார். பாஸ்கு அவளைத் தூக்கி ஒரு கம்பியில் தொங்கவிட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குக் காபி குடிக்கப் போனார். இறங்கலாம் என்று யாரும் சொல்லாததால், அவர் திரும்பி வரும்வரை அவள் தொங்கிக்கொண்டே இருந்தாள்.

“பிடிவாதக்காரி” என்று பாஸ்கு மெச்சிக்கொண்டார்.

பிடிவாதம் இல்லை, பயம். அதை அவரிடம் சொல்ல அவளுக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

பயத்தில் தொங்கியவள் பதினைந்து வயதில் ஐரோப்பிய சாம்பியன் ஆனாள். பதினேழில் கட்டையில் உலக சாம்பியன். பதினெட்டில் கணுக்கால் போயிற்று; மருத்துவர்கள் அதைத் திறந்து மூடி, ஆறு மாதம் கழித்து மறுபடியும் திறந்து பார்த்தார்கள். இருபத்தொன்றில் அவள் ருமேனிய அணியின் கிழவி. சாப்பாட்டு மேஜையில் சின்னப் பெண்கள் எழுந்து அவளுக்கு இடம் விட்டார்கள். உலக சாம்பியனுக்கு மரியாதை என்று முதல் வாரம் பூரித்துப்போனாள். பிறகுதான் விளங்கிற்று, அது டிராமில் வயதானவர்களுக்கு விடுகிற இடம்.

இங்கே ஒரு நடைமுறையைச் சொல்லிவிட வேண்டும். அணிப் போட்டியில் ஒரு நாட்டிலிருந்து ஐந்து பேர் கட்டையில் ஏறுவார்கள். நல்ல நான்கு மதிப்பெண்கள் கூட்டலுக்குப் போகும். மிகக் குறைந்த ஒன்றைத் தள்ளிவிடுவார்கள். ஆரம்பத்தில் நடுவர்களின் கை இறுகியிருக்கும், போகப்போக இளகும். அதனால் முதலில் ஏறுகிறவளுக்கு ஒரே வேலைதான்: பெரிதாக எதையும் காட்டாமல், விழாமல், சுத்தமாகச் செய்துவிட்டு இறங்குவது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார்ந்து உப்பு சரியாக இருக்கிறதா என்று சொல்கிற ஆள் மாதிரி. கடைசியில் ஏறுகிறவள்தான் ராணி. ஆறு வருடமாக அந்தக் கடைசி இடம் வெத்தூரியாவுடையது.

க்ளூஜ் நகரில் ஐரோப்பிய அணிப் போட்டி தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது பாஸ்கு அவளைத் தம் அறைக்கு அழைத்தார்.

“உக்காரு வெத்தா.”

“உக்காரச் சொல்றீங்களா? அப்ப சேதி மோசம்தான் சார்.”

அவரிடம் வந்து சேர்ந்த நாளிலிருந்து நில், குதி, ஏறு, இன்னொரு தடவை என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை. அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“கட்டைல நீ முதல்ல ஏறுற.”

“முதல்லன்னா?”

“முதல்லன்னா முதல்லதான். அதுல என்ன வெளக்கம்? பிர்சான் வேண்டாம். சாதாரணமா, சுத்தமா பண்ணிட்டு இறங்கு.”

“அப்ப கடைசில யாரு?”

“கொத்ருட்சா.”

கொத்ருட்சாவுக்குப் பதினாறு வயது. போன வருடம்தான் பெரியவர்கள் அணிக்கு வந்தாள். வெத்தூரியா உதட்டைப் பிதுக்கினாள்.

“கடைசில ஏறி முடிச்சு வைக்கிற அளவுக்கு அந்தப் பொண்ணுகிட்ட என்ன சார் இருக்கு?”

பாஸ்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “பிர்சான் இருக்கு.”

வெத்தூரியாவுக்குச் சிரிப்பு வந்தது. தன்னை வெளியே போகச் சொல்லிவிட்டுத் தன் பெயரை மட்டும் உள்ளே வைத்துக்கொள்கிறார்களே என்று வந்த சிரிப்பு. பாதியில் அது வேறு ஏதோவாக மாறும்போலத் தோன்றியதால் இருமி மறைத்தாள்.

“இதைக் கேட்டுக்க,” என்றார் பாஸ்கு. “அஞ்சு பேர்ல ஒருத்தி விழுந்தா அந்த மார்க்கைத் தள்ளிடுவாங்க. ஒருத்திக்குத்தான் அந்தச் சலுகை. நீ விழாம நின்னுட்டா அந்தச் சலுகை கொத்ருட்சாவுக்கு மிச்சம். அவ துணிஞ்சு பிர்சான் பண்ணலாம். நீ விழுந்து அதைச் செலவு பண்ணிட்டேன்னா அவளை நான் பிர்சான் பண்ண விட மாட்டேன். அப்புறம் ரஷ்யாக்காரிங்களுக்குக் கை தட்டிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

அவர் சொன்னது அவர் நினைத்ததைவிட அதிகமாகவே அவளுக்குப் புரிந்தது. தான் விழுந்தால் கொத்ருட்சா பிர்சான் செய்ய முடியாது. செய்ய முடியாவிட்டால் பிர்சானைப் போட்டியில் செய்தவள் உலகத்தில் ஒருத்திதான். இந்தக் கணக்கு முழுவதையும் அவள் கதவுக்குப் போய்ச் சேரும் முன்பே போட்டு முடித்துவிட்டாள். பள்ளியில் கணக்கில் தேறாதவளுக்கு இது மட்டும் எப்படி இவ்வளவு வேகமாக வந்தது என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் விடையை அழிக்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டுக்கூடத்தில் கொத்ருட்சா தட்டை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். தட்டில் வேகவைத்த பீட்ரூட்டும், அந்தப் பக்கம் இருப்பது தெரிகிற அளவுக்கு மெல்லிய சீஸ் துண்டும் இருந்தன.

“அக்கா, எம்மேல கோவமா?”

“எதுக்குடி கோவம்?”

“உங்க பிர்சானை நான் எடுத்துக்கிட்டேன்னு.”

“புத்தகத்துல போட்ட அன்னைக்கே அது பொதுச்சொத்து. பார்க்குல கெடக்கிற பெஞ்சு மாதிரி. யாரு வேணா உக்காரலாம், விழவும் செய்யலாம்.”

கொத்ருட்சா ஒரு நிமிடம் பீட்ரூட்டைக் குத்திக்கொண்டிருந்தாள். “அப்ப ஒண்ணு கேக்கட்டா? இறங்கறப்ப நீங்க எங்க பாப்பீங்க?”

வெத்தூரியா நிதானமாக ரொட்டியை மென்றாள். “நானா? கண்ணை மூடிக்குவேன்.”

“நெஜமாவா?”

“உலக சாம்பியன் பொய் சொல்லுவாளா?”

சொன்னாள். அன்று மாலைப் பயிற்சியில் கொத்ருட்சா கண்ணை இறுக மூடிக்கொண்டு எகிறி, கட்டையை விட்டு ஒரு முழம் தள்ளி மெத்தையில் போய் விழுந்தாள். பாஸ்குவின் சத்தத்தில் கூரையில் ஒதுங்கியிருந்த புறாக்கள் கிளம்பிப் பறந்தன.

“கண்ணை எதுக்குடி மூடுன? உனக்கென்ன பைத்தியமா?”

கொத்ருட்சா மெத்தையில் கிடந்தபடியே தலையைத் திருப்பி வெத்தூரியாவைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் வெத்தூரியாவால் தாங்க முடியாமல் போயிற்று. காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருக்கலாம். துணி மாற்றும் அறையில் அவளாகவே போய், “கட்டையோட அந்தக் கடைசி முனையைப் பாரு. தெரிஞ்சதும் காலை வை,” என்று சுவரிடம் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வந்தாள்.

“அப்ப கண்ணை மூடறது?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஒத்தைக் கண்ணைன்னு சொன்னேன். நீதான் ரெண்டையும் மூடிட்ட.”

போட்டிக்கு முதல் நாள் அம்மா சவேத்தா ஊரிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள். அம்மாவுக்குத் தொலைபேசி என்றால் ஹாட்செக்கிலிருந்து க்ளூஜுக்கு நேரடியாகக் கத்துவது. கருவி சும்மா ஒரு துணைக்குத்தான்.

“வெத்தா! பேக்கரி நிக்கோதிம் பஸ்ஸே பிடிச்சுட்டாருடி! ஊர்ப்பட்ட சனம் வருது. பேனர் வேற. அதுல உன் மூஞ்சி நம்ம வாசக்கதவு அளவுக்கு இருக்கு.”

“அம்மா, ஒண்ணு சொல்லணும். இந்தத் தடவை நான் கடைசில…”

“கடைசிலதான் ஏறுவ, தெரியாதா எனக்கு? நாங்க எல்லாம் பேசி வெச்சுட்டோம். மத்தவளுங்க ஆடறப்ப நாங்க ரொட்டியும் வறுத்த கோழியும் சாப்பிட்டு முடிச்சுடுவோம். உன் நேரம் வந்ததும் பேனரைப் பிரிச்சுப் பிடிச்சு ‘பிர்-சான்! பிர்-சான்!’னு கத்தணும்னு நிக்கோதிம் எல்லாரையும் பழக்கி வெச்சிருக்காரு. த்தூ, த்தூ, த்தூ, கண்ணு படாம இருக்கணும்.”

மூன்று தடவை துப்பியது காதில் ஈரமாகவே விழுந்தது. வெத்தூரியா வாயைத் திறந்தாள். ‘நான் முதல்லயே ஏறி, ஒண்ணும் காட்டாம இறங்கிடுவேம்மா’ என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

“பத்திரமா வாங்க,” என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த நாள் க்ளூஜ் அரங்கத்தில் ருமேனிய அணிக்குக் கட்டைதான் கடைசிக் கருவி. மற்ற மூன்று கருவிகளும் முடிந்தபோது ரஷ்யாவை விட இம்மியளவு பின்னால் இருந்தார்கள். ஐந்து பெண்களும் கட்டையில் ஏறி ஆளுக்கு ஒரு முறை ஒத்திகை பார்த்துவிட்டு இறங்கினார்கள். பாஸ்கு மிதிபலகையைச் சரியான இடத்தில் வைக்கக் குனிந்தார்.

இந்த இடத்தில் வெத்தூரியா செய்ததை ஜிம்னாஸ்டிக் உலகத்தில் வேறு எந்த மடச்சியும் செய்திருக்கமாட்டாள்.

கடைசியில் ஏறுகிறவள் காத்திருக்க வேண்டும். மற்ற நாலு பேர் ஆடி முடிக்கிற நேரத்துக்குள் உடம்பு குளிர்ந்துவிடும், மனசு கெட்டுவிடும். அதற்காக ஆறு வருடமாக அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ஒத்திகை முடிந்ததும் மேல்கோட்டைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டுவாள். அம்மா பின்னிக்கொடுத்த கம்பளிக் காலுறைகளை மாட்டிக்கொள்வாள். கட்டைக்கு முதுகு காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொள்வாள். யார் ஆடுகிறார்கள், யார் விழுகிறார்கள், எதையும் பார்க்கமாட்டாள், கேட்கமாட்டாள். முறை வந்ததும் யாராவது தோளைத் தட்டுவார்கள்.

அன்றைக்கும் கால் தானாக நடந்தது, கை தானாக மாட்டியது. கோட்டைப் பூட்டிக்கொண்டு, காலுறை மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, காதில் விரலை விட்டுக்கொண்டு, முதலில் ஏறுகிறவள் முடிப்பதற்காக வெத்தூரியா அமைதியாகக் காத்திருந்தாள். முதலில் ஏறுகிறவள் யார் என்ற எண்ணமே அவள் தலைக்குள் இல்லை.

தோளில் தட்டு விழுந்தது. திரும்பினாள். கொத்ருட்சா.

“அதுக்குள்ள நாலு பேரும் முடிச்சாச்சா?” என்றாள் வெத்தூரியா.

“அக்கா! நீங்கதான் முதல்ல! பச்சை விளக்கு எரியுது!”

பச்சை விளக்கு எரிந்தால் அரை நிமிடத்துக்குள் ஏற வேண்டும். அதில் எவ்வளவு போயிற்றோ தெரியாது. கட்டையின் பக்கத்தில் பாஸ்கு நின்றிருந்தார். முகம் பழுத்த பிளம் பழத்தின் நிறத்தில் இருந்தது. வெத்தூரியா கோட்டின் ஜிப்பை இழுத்தாள், பாதியில் சிக்கிக்கொண்டது. தலைவழியாக உருவி எறிந்தாள். வலது காலுறையைக் கழற்றினாள். இடது காலுறை கணுக்காலில் சுற்றியிருந்த கட்டுத்துணியில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

“விடு! ஏறு! ஏறித் தொலை!” என்று பாஸ்கு பல்லுக்குள் உறுமினார்.

உலக சாம்பியன் வெத்தூரியா பிர்சான் ஒரு காலில் வெறும் தோலும் இன்னொரு காலில் ஆட்டுக் கம்பளியுமாக நடுவர்களைப் பார்த்துக் கையைத் தூக்கி வணங்கிவிட்டு, ஓடிப் போய்க் கட்டையில் ஏறினாள்.

கம்பளி கட்டையில் ஒட்டாது. முதல் அடியிலேயே இடது கால் சோப்பின் மேல் வைத்ததுபோல வழுக்கியது. சின்னச் சின்ன அடியாக, வீட்டில் எல்லாரும் தூங்கும்போது சமையலறைக்குத் திருடப் போகிறவள் மாதிரி நடந்தாள். ஒரு சுற்று சுற்ற வேண்டிய இடம் வந்தது. சுற்றினாள். ஒரு சுற்றில் நிற்க வேண்டியது, கம்பளி புண்ணியத்தில் ஒன்றரைச் சுற்றாகிவிட்டது. நடுவர்களைப் பார்த்து நிற்க வேண்டியவள் நடுவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் மட்டும், ‘இப்படித்தான் திட்டம்’ என்கிற புன்னகை. அந்தப் புன்னகையை வைத்துத்தான் அவள் பாதி வாழ்க்கையை ஓட்டியிருந்தாள்.

அடுத்து கட்டையின் மேல் உட்கார்ந்து ஒரு காலை வானத்தைப் பார்க்க நீட்டுகிற கட்டம். அவள் இடது காலை நீட்டினாள். கையை மெதுவாக, மிக நளினமாக மேலே கொண்டுபோனாள். அன்னப்பறவை கழுத்தை நீட்டுவதுபோல நீட்டி, காலுறையின் நுனியைப் பிடித்து உருவி, அப்படியே காற்றில் விட்டாள். அது பாஸ்குவின் காலடியில் போய் விழுந்தது. அவர் அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு மேலே பார்க்காமல் நின்றார். அரங்கம் கை தட்டியது. நடன அமைப்பில் புதுமை என்று நினைத்துவிட்டார்கள்.

அந்தக் கைதட்டலில்தான் ஹாட்செக் பஸ் விழித்துக்கொண்டது. அதுவரைக்கும் அவர்கள் கோழிக்காலோடு இருந்தார்கள். மேலே பார்வையாளர் வரிசையில் ஒரே கலவரம். “டேய், அது நம்ம வெத்தாடா!” “பேனரைப் பிரி!” “கையைத் துடைடா முதல்ல!” பேனர் தலைகீழாகப் பிரிந்தது. வாசக்கதவு அளவு வெத்தூரியா தலைகீழாகச் சிரித்தாள். “பிர்-சான்! பிர்-சான்!” என்று நிக்கோதிமின் குரல் தொடங்க, பஸ் முழுக்கச் சேர்ந்துகொண்டது. பஸ்ஸைக் கேட்டு அரங்கம் சேர்ந்துகொண்டது.

சரியாக அந்த நேரத்தில் அவள் கட்டையின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஆறு வருடமாகப் பிர்சான் செய்த அதே இடம். உடம்பு அவளைக் கேட்காமலே கைகளைப் பின்னால் கொண்டுபோய்விட்டது. இரண்டு காலும் இப்போது வெறும் கால். செய்து நின்றுவிட்டால் ஊர் பார்த்துவிடும். கடைசித் தடவையாக அவள் பெயர் அவள் காலிலேயே இறங்கும். விழுந்துவிட்டால்? விழுந்தாலும் அவளுக்கு நஷ்டம் இல்லை. கொத்ருட்சாவைப் பாஸ்கு தடுத்துவிடுவார். எப்படிப் போட்டாலும் கணக்கு அவளுக்குச் சாதகமாகவே வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு பக்கமும் லாபம் வருகிற ஒரு வாய்ப்பு.

கீழே, ஓரமாக, கொத்ருட்சா தெரிந்தாள். அவளும் கைகளைப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தாள். அவளை அறியாமலேயே, வெத்தூரியாவோடு சேர்ந்து.

வெத்தூரியா கைகளை முன்னால் கொண்டுவந்தாள். ஒரு சாதாரணத் துள்ளல் துள்ளினாள். பள்ளிப் பிள்ளைகள் பாண்டி ஆட்டத்தில் துள்ளுவதுபோன்ற துள்ளல். அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

இதைத் தியாகம் என்று பின்னாளில் பலர் சொன்னார்கள். அவளும் மறுக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் அது தியாகம்தானா, இல்லை கம்பியில் தொங்கிய நாளிலிருந்து கூடவே வருகிற பயமா என்று கேட்டால், சத்தியம் பண்ணிச் சொல்ல அவளால் முடியாது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

இறங்கி நின்றாள். கால் அசையவில்லை. மேலே சத்தம் அப்படியே தணிந்து, நிக்கோதிமின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது.

“அவ்வளவுதானா? இதுக்கா பஸ்ஸு?”

“நீ ஒரு கோழிக்காலை மெல்றதுக்குள்ள எம்பொண்ணு ஏறி இறங்கிட்டா!” அம்மாவின் குரலுக்குத் தொலைபேசி தேவையே இல்லை. “வாயை மூடிட்டு பேனரை நேரா புடிய்யா!”

மதிப்பெண் வந்தது. ஒன்பது புள்ளி ஒன்று. காலுறைக்காக நடுவர்கள் கொஞ்சம் கிள்ளிவிட்டிருந்தார்கள். பாஸ்கு அவள் பக்கத்தில் வந்து நின்றார். திட்டு வரும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டாள்.

“விழலை,” என்றார். அவர் பாராட்டு என்றால் இவ்வளவுதான்.

அடுத்த மூன்று பெண்களும் ஒருத்தி மாற்றி ஒருத்தி ஏறி, விழாமல் இறங்கினார்கள். ஒவ்வொரு மதிப்பெண்ணும் முந்தியதைவிட மேலே போயிற்று. நடுவர்களின் கை இளகிக்கொண்டிருந்தது. பாஸ்கு பலகையைப் பார்த்தார், ரஷ்யாவின் கூட்டலைப் பார்த்தார், கொத்ருட்சாவைப் பார்த்துத் தலையை ஒரு தடவை அசைத்தார். செய்.

கொத்ருட்சாவின் உதட்டில் நிறமே இல்லை. வழுக்காமலிருக்கக் கையில் மாவுபோலச் சுண்ணாம்புத் தூளை அள்ளி அள்ளிப் பூசிக்கொண்டிருந்தாள். பூசிக்கொண்டே வெத்தூரியாவிடம் வந்தாள்.

“அக்கா, நான் விழுந்துட்டா உங்க பேரு கெட்டுப்போகும். கோவிச்சுக்காதீங்க.”

“விழுந்தா அது உன் பேரு. நின்னாத்தான் என் பேரு. போ.”

கொத்ருட்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போய் ஏறினாள்.

வெத்தூரியா வழக்கப்படி சுவர் பக்கம் திரும்பப் போனாள். எதற்கு, தன் முறைதான் முடிந்துவிட்டதே என்று அப்போதுதான் உறைத்தது. நின்று பார்த்தாள். பார்த்தபிறகுதான் இன்னொன்றும் உறைத்தது. பிர்சான் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. செய்கிறவளுக்குக் கூரையும் கட்டையின் முனையும் மாறி மாறி மின்னும், அவ்வளவுதான். தன் ஆட்டத்தின் வீடியோக்களைப் பார்க்க அவளுக்கு எப்போதும் கூச்சம். மூக்கு பெரிதாகத் தெரியும் என்று எழுந்து போய்விடுவாள். உலகம் முழுவதும் பார்த்துவிட்ட ஒன்றை அவள் மட்டும் பார்த்ததில்லை.

கொத்ருட்சா கட்டையின் நடுவில் வந்து நின்றாள். கைகள் பின்னால் போயின.

அவள் எகிறிய கணத்தில் வெத்தூரியாவுக்குள் மிகச் சிறியதாக ஒரு மூலை, ‘விழு’ என்றது. சொல்லிவிட்டு உடனே ஒளிந்துகொண்டது. மற்ற உடம்பு முழுவதும், கட்டை தன் காலடியிலேயே இருப்பதுபோல, இடது பாதத்தை நிலத்தில் அழுத்திக்கொண்டது.

அந்தப் பெண் காற்றில் சட்டையைத் திருப்பிப் போடுவதுபோலச் சட்டென்று உள்வெளியாகத் திரும்பினாள். ஒரு கால் கட்டையைத் தேடியது, தொட்டது. உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. கொசு விரட்டுவதுபோலக் கை ஒரு தடவை வீசியது. நின்றுவிட்டாள்.

“பிர்சான்!” என்று பஸ் முழுக்க எழுந்து கத்தியது. யார் செய்தார்கள் என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. பெயர் அவர்கள் ஊருடையது.

வெத்தூரியாவும் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. பக்கத்தில் நின்ற பாஸ்கு காதைப் பொத்திக்கொண்டார் என்பதுதான் நினைவு.

கொத்ருட்சா இறங்கினாள். மதிப்பெண் வந்தது. கூட்டல் வந்தது. இம்மியளவு மேலே. ருமேனியாவுக்குத் தங்கம். பலகையில் ஐந்து பெயர்களும் வரிசையாக இருந்தன. அதில் கணக்கில் சேராத ஒரு மதிப்பெண் மட்டும் மங்கலான எழுத்தில். ஒன்பது புள்ளி ஒன்று. ஐவரும் நின்றுவிட்டதால், மிகக் குறைந்தது எதுவோ அதைத் தள்ளியிருந்தார்கள். அன்றைய தங்கத்தில் வெத்தூரியாவின் மதிப்பெண் ஒரு துளிகூட இல்லை. அவள் காலுறையோடு வந்ததும், காலுறையைக் கழற்றியதும், பிர்சானை விட்டதும், எல்லாம் சேர்ந்து கூட்டலில் பூஜ்யம். வீட்டில் தூங்கியிருந்தாலும் இதே தங்கம்தான். இல்லை, அதுவும் சரியில்லை. ஏறி விழாமல் இறங்குவதற்கு ஒருத்தி இல்லையென்றால் கடைசி ஆட்டத்தில் பிர்சான் இல்லை. இதை யாருக்காவது விளக்கப் போனால் அதற்குள் பஸ் ஊர் போய்ச் சேர்ந்துவிடும் என்று விட்டுவிட்டாள்.

கொத்ருட்சா ஓடி வந்து அவள் மேல் ஏறிக்கொண்டாள். முடியெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

“அக்கா! நின்னுட்டேன்! பாத்தீங்களா?”

“பாத்தேன். முட்டி மடங்குது.”

கொத்ருட்சா கீழே இறங்கி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “என்னது?”

“எகிறுறப்ப முட்டி மடங்குதுடி. வலது முட்டி. பாக்க நல்லாவே இல்ல.”

“உங்களுக்கும்தான் மடங்கும். உங்க வீடியோவை நூறு தடவை போட்டுப் பாத்துத்தான் நான் கத்துக்கிட்டேன்.”

“எனக்கா? மடங்கவே மடங்காது.”

“சாரைக் கேளுங்க!”

இருவரும் பாஸ்குவைப் பார்த்தார்கள். பாஸ்கு தம் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

“சார், எனக்கு முட்டி மடங்குமா?”

“மடங்கும்.”

“எப்பலேர்ந்து?”

“எப்பவும்தான்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்!”

“உலக சாம்பியன்கிட்ட எவன் சொல்றது? நடுவர்களே சொல்லலை.”

பதக்க மேடைக்குப் போகச் சொல்லி ஒலிபெருக்கி அழைத்தது. மற்ற பெண்கள் வரிசையில் நின்றுகொண்டார்கள். வெத்தூரியா தன் வலது முட்டியைக் குனிந்து, அன்றைக்குத்தான் அறிமுகமான ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு கொத்ருட்சாவின் தலையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டு, அவள் காதைப் பிடித்து வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“நீயாவது நேராக்கிடு. என் பேரு கெடுது.”